வௌவால் வீட்டுக்கு விருந்து: லிங்கன்ஷயர் தேவாலயங்களில் ஐந்து நாள்

முதல் நாள், 2022 ஜூலை 22, வெள்ளி

காரின் பின்சீட்டில் இரண்டு மடக்கு நாற்காலி, இரண்டு கம்பளி, பிளாஸ்கில் டீ, மூன்று டிடெக்டர் (நம் காதுக்கு எட்டாத வௌவால் குரலைக் கேட்கும்படி மாற்றும் கருவி), ஒரு டப்பா நிறைய விரல் நீளக் குப்பிகள். எல்லாவற்றுக்கும் மேலே நீளக் கைப்பிடி போட்ட ஒரு புது வாரியல், அதாவது துடைப்பம். வாரியல் எதற்கு என்று கேட்டேன். "நாளைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வண்டியை எடுத்தார்.

அவர் எனக்குப் பள்ளியில் பாடம் எடுத்தவர் இல்லை. எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஆசிரியை. வௌவாலைப் பார்க்கவும் கேட்கவும் என்னைப் பழக்கியவர் என்பதால் எனக்கு டீச்சர். நான் பிறந்தது பாளையங்கோட்டையில், பதினோரு வருடமாக லெஸ்டரில் வேலை. இந்த ஐந்து நாளும் லீவு போட்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, "ஏட்டி, லீவு போட்டு வவ்வாலயா எண்ணப் போற?" என்றாள். ஆமாம், அதற்குத்தான் போகிறேன்.

இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சுமார் 16,000 ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000க்கு மேற்பட்டவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள். நானூறு, ஐந்நூறு, எண்ணூறு வருடக் கூரைகள். அந்தக் கூரைகளில் வௌவால்கள் குடியிருக்கின்றன. எந்த ஆலயத்தில், எந்த வகை, எத்தனை, எங்கே நுழைகின்றன என்பதை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதும் வேலையைப் பெரும்பாலும் எங்களைப் போன்ற தன்னார்வலர்கள்தான் செய்கிறோம். நேச்சுரல் இங்கிலாந்து, வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளை, இங்கிலாந்துத் திருச்சபை, ஆலயங்கள் பாதுகாப்பு அறக்கட்டளை, ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆகிய ஐந்தும் சேர்ந்து 'பேட்ஸ் இன் சர்ச்சஸ்' என்ற திட்டத்தை நடத்துகின்றன. லாட்டரி நிதியிலிருந்து 38 லட்சம் பவுண்டு கிடைத்திருக்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காருவதற்கு ஆள் வேண்டுமே, அதற்குத்தான் நாங்கள்.

வழியில் ஸ்டாம்ஃபோர்டில் இறங்கினோம். ஊரே தேன் நிறக் கல். புனித மார்ட்டின் ஆலயத்துக்கு டீச்சர் கூட்டிப்போனார். முதலாம் எலிசபெத் ராணியின் அமைச்சர் பர்லி பிரபுவின் பெரிய கல்லறை அங்கே இருக்கிறது, ஆனால் டீச்சர் காட்ட வந்தது ஜன்னல்களை. சிவப்பும் நீலமுமாக 15ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. "இது இந்த ஆலயத்துக்குச் செய்தது இல்லை. 1750களில் டாட்டர்ஷாலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. திங்கட்கிழமை டாட்டர்ஷால் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்" என்றார்.

ராத்திரி தங்கும் ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். வௌவால் தங்கும் இடத்தை ஊரறியச் சொல்வது நல்லதில்லை, ஆலயத்து ஆட்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டார்கள். லிங்கன்ஷயரில் நூறு வீடு உள்ள கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை இல்லாமல் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலாகிக் கிடக்கிறது. கோதுமை அறுப்பு இயந்திரம் இருட்டும்வரை ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதே கால் மணிக்குச் சூரியன் மறைந்தது. ஆலயத்தின் தெற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். முதலில் வந்தது நாக்ட்யூல் என்ற வகை வௌவால். மரங்களுக்கு மேலே, வெளிச்சம் இருக்கும்போதே, தகைவிலான் போல நேராகப் போனது. டிடெக்டரை 20 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் 'சிப், சாப்' என்று கேட்கும். அது ஆலயத்துக் குடி இல்லை, மரப்பொந்துக்காரர். பிறகு இருபது நிமிடம் ஒன்றுமில்லை. ஒன்பது முப்பத்தைந்துக்குக் கூரையின் ஈயத்தகட்டுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் அகலச் சந்திலிருந்து ஒன்று விழுந்தது. பறந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. கை நழுவிய சாவிக்கொத்து மாதிரி விழுந்து, தரைக்கு ஓரடி மேலே சிறகு விரித்து, என் தோளை ஒட்டிப் போயிற்று. டீச்சரின் கையில் எண்ணிக்கைக் கருவியான கிளிக்கர் 'டிக்'. அப்புறம் இன்னொன்று, இன்னும் இரண்டு. டிடெக்டர் 55 கிலோஹெர்ட்ஸில் ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி தொடர்ந்து சத்தம் போட்டது.

இந்த 55 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிப்பிஸ்ட்ரெல் என்பது இந்நாட்டில் மிகச் சாதாரண வௌவால், எடை ஐந்து கிராம், ஒரு 20 பென்ஸ் நாணயம் அவ்வளவுதான். 1990கள் வரை அது ஒரே வகை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் குரலைப் பதிவு செய்து பார்த்தபோது, ஒரு கூட்டம் 45 கிலோஹெர்ட்ஸிலும் இன்னொரு கூட்டம் 55 கிலோஹெர்ட்ஸிலும் குரல் கொடுப்பது தெரிந்தது. மரபணுவும் அதையே சொன்னது. இரண்டும் வெவ்வேறு இனம். நூற்றாண்டுகளாகத் தலைக்கு மேலே பறந்த ஒன்றைக் காதால் கேட்டுத்தான் இரண்டு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இரண்டாம் நாள், ஜூலை 23, சனி

காலை பத்து மணிக்கு ஆலயத்துக்குள் போனோம். ஆலயப் பொறுப்பாளர் சாவியோடு காத்திருந்தார். எழுபத்தெட்டு வயது, ஒல்லியான மனிதர், முன்னாள் விவசாயி. எங்கள் பக்கம் கோயில்பிள்ளை செய்யும் வேலை, கமிட்டி மெம்பர் செய்யும் வேலை எல்லாவற்றையும் இவர் ஒருவரே செய்கிறார். வணக்கம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் வந்திருப்பது எங்களுக்கு உதவி செய்யவா, அவற்றுக்கு உதவி செய்யவா?"

அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நற்கருணை மேசையின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. முன் பெஞ்சுகளில் பழைய படுக்கை விரிப்பு. பளபளவென்று தேய்த்த பித்தளைத் தகடுகளில் மழைத்துளி காய்ந்தது போல வெள்ளைப் புள்ளிகள், சில இடத்தில் பச்சை. வௌவாலின் சிறுநீரில் யூரியா அதிகம். அது சிதைந்து அமோனியா ஆகும்போது பித்தளை, பளிங்கு, மெழுகிட்ட மரம் எதையும் விடாது. ஒருமுறை அரித்த குழி திரும்ப நிரம்பாது. சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் பெருக்குகிறார். ஞாயிறு காலை மறுபடியும். ஓட்டையை அடைக்கலாமா என்றால் சட்டம் விடாது. 1981 முதல் இந்த நாட்டில் எல்லா வௌவாலுக்கும், அது தங்கும் இடத்துக்கும் பாதுகாப்பு உண்டு. வௌவால் அந்த நேரத்தில் உள்ளே இல்லை என்றாலும் அடைக்கக் கூடாது. "என் அப்பா காலத்தில் இந்தப் பெஞ்சில் அறுபது பேர். இப்போது பன்னிரண்டு. அதில் வாரியல் பிடிக்க முடிந்தவர்கள் மூன்று பேர்" என்றார்.

டீச்சர் பதில் சொல்லவில்லை. காருக்குப் போய் அந்தப் புது வாரியலை எடுத்துவந்து, ஆல்டர் (நற்கருணை மேசை) பக்கத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தார். எனக்கும் ஒரு டஸ்ட்பேன் கொடுத்தார். பொறுப்பாளர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வாரியலை எடுத்துக்கொண்டு மறுகோடியிலிருந்து தொடங்கினார். பேச்சே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் பெருக்கினோம்.

பெருக்கி முடித்த பிறகுதான் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். பழைய புழுக்கை கிடந்தால் எது நேற்று விழுந்தது, எது போன வருடம் விழுந்தது என்று தெரியாது. சுத்தமான தரையில் ஓர் இரவு விட்டுப் பார்த்தால், காலையில் கிடப்பதெல்லாம் அன்றைக்கு விழுந்தது. அது எங்கே குவிந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே வௌவால் இருக்கிறது. பெருக்கினால்தான் கணக்கு.

டஸ்ட்பேனிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், கையுறைக்கு மேலே. அரிசியில் பாதி நீளம், கறுப்பு. எலிப்புழுக்கை என்றுதான் தோன்றும். "நசுக்கு." இரண்டு விரலால் நசுக்கினேன், தூளாகிவிட்டது. எலிப்புழுக்கை காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், உதிராது. இது உதிர்கிறது, ஏனென்றால் முழுக்கப் பூச்சி ஓடு. பிரிட்டனில் 18 வகை வௌவால் உண்டு, அத்தனையும் பூச்சி தின்னிகள், பழந்தின்னி ஒன்றுகூட இல்லை. டார்ச் வெளிச்சத்தில் அந்தத் தூளைச் சாய்த்துப் பார்த்தால் அங்கங்கே மினுங்குகிறது. கொசுவின் சிறகு, வண்டின் முதுகு. ஒரு பிப்பிஸ்ட்ரெல் ஒரே இரவில் 3,000 பூச்சி வரை தின்னும் என்பார்கள். இந்தத் துகளைக் கையில் வைத்துப் பார்க்கும்போது அது வெறும் எண்ணாகத் தெரியவில்லை. சாமணத்தால் பத்துப் பன்னிரண்டு எடுத்துக் குப்பியில் போட்டு, எந்த இடம் என்று எழுதி ஒட்டினோம். மரபணுச் சோதனையில் எந்த இனம் என்று தெரிந்துவிடும்.

ஆலய முகமண்டபத்தில் இன்னொரு அடையாளம் கிடைத்தது. கல் திண்ணைக்குக் கீழே விட்டில் சிறகுகள், உடம்பு இல்லாமல் சிறகு மட்டும். ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில், கறுப்புக் கரை போட்டவை. பதினான்கு எண்ணினேன். நீள்செவி வௌவால் பிடித்த விட்டிலை இங்கே கொண்டுவந்து தொங்கியபடி தின்னும். உடம்பைத் தின்றுவிட்டுச் சிறகைக் கீழே போட்டுவிடும். அதன் குரல் மிக மெல்லியது, டிடெக்டருக்கே சில சமயம் கேட்காது. இந்தச் சிறகுக் குவியல் இல்லாவிட்டால் அது வந்துபோனதே தெரிந்திருக்காது. "இதை இத்தனை வருடமாகப் பட்டாம்பூச்சி செத்துக் கிடக்கிறது என்றுதான் பெருக்கித் தள்ளினேன்" என்றார் பொறுப்பாளர். அந்தச் சிறகுகளில் ஒன்றை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

சாயங்காலம் நடுக்கூடத்தில் ஒரு டிடெக்டரை வைத்து, பதிவு ஓடவிட்டு, கதவைப் பூட்டினோம்.

மூன்றாம் நாள், ஜூலை 24, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். தரையில் நேற்றிரவு எழுதிய படம் மாதிரி கிடந்தது. நடுக்கூடம் முழுக்க அங்கொன்று இங்கொன்றாகத் தூவல். மேற்கிலிருந்து மூன்றாவது உத்திரத்துக்கு நேர் கீழே மட்டும் தட்டு அளவுக்கு ஒரு குவியல். நிமிர்ந்து பார்த்தால், இரண்டு கட்டைகள் சேருமிடத்தில் கழுந்து மாட்டும் துளை, அதில் ஒரு சந்து. கட்டை காய்ந்து சுருங்கியதால் வந்த சந்து, கட்டிய தச்சனுக்கே தெரிந்திருக்காது. நேட்டரர் வௌவாலுக்கு இந்த மாதிரித் துளை என்றால் உயிர். காட்டில் பொந்துள்ள கிழமரங்களும், ஊரில் மரக்கட்டை வேய்ந்த பழைய களஞ்சியங்களும் போய்விட்டன. பெரிய பழைய மரம் இன்னும் கூரையாக நிற்கும் இடம் ஆலயம்தான். இங்கே வந்து ஒண்டாமல் அவை எங்கே போகும்?

பொறுப்பாளர் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "ஜூலையில் இங்கேதான். மே மாதம் ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம். ஆகஸ்டு பாதியில் வடக்கு ஜன்னல். அக்டோபருக்கு அப்புறம் ஒன்றும் விழாது."

டீச்சர் பேனாவை அப்படியே நிறுத்தினார். "எவ்வளவு காலமாக?"

"நான் பெருக்க ஆரம்பித்ததிலிருந்து. இருபத்திரண்டு வருடம்."

ஆலயத்தின் வரைபடத்தை விரித்து அவர் கையில் பென்சிலைக் கொடுத்தார் டீச்சர். மனிதர் கொஞ்சம் தயங்கினார். பிறகு மாதம் மாதமாக வட்டம் போட ஆரம்பித்தார். எந்த வருடம் குறைந்தது, ஈயத்தகடு மாற்றியபோது என்ன ஆயிற்று, கணகணவென்று வெயில் அடிக்கும் வாரத்தில் எந்தப் பக்கம் நகரும் என்றெல்லாம் சொன்னார். நாங்கள் ஓர் இரவு டிடெக்டர் வைத்துத் தெரிந்துகொள்வதைப்போல எத்தனையோ மடங்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை யாரும் இதுவரை அவரிடம் கேட்கவில்லை. அவரும் அதை அறிவு என்று நினைக்கவில்லை, தொந்தரவு என்றுதான் மனதில் வைத்திருந்தார். வௌவாலை வெறுப்பவர் ஒருவர், நேசிப்பவர் இன்னொருவர் என்று பிரித்துத்தான் பத்திரிகைகள் எழுதுகின்றன. இங்கே வந்து பார்த்தால், வௌவாலைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அதை அள்ளிக் கொட்டுகிறவராகவே இருக்கிறார்.

ஒன்பதரைக்கு ஆராதனை. எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர். நான் வளர்ந்த சபையிலும் இதே ஆராதனை முறைதான், தமிழில். எந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும், எங்கே முழங்கால் போட வேண்டும் என்று உடம்புக்கே தெரிந்தது. முன்னால் இருந்த பாட்டி பாட்டுப் புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு தட்டு தட்டினார், அது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

ஆராதனை முடிந்து எல்லாரும் டீ குடிக்கும்போதுதான் முகமண்டபப் படியில் குட்டியைப் பார்த்தோம். பேரீச்சங்கொட்டை அளவு. ரோமம் மெலிதாக, தோல் தெரிகிற மாதிரி. சிறகை மடக்கிக் கல்லோடு ஒட்டிக் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன், பிறகு முதுகு அசைந்தது. இந்நேரம் பெரும்பாலான குட்டிகள் பறக்கத் தொடங்கியிருக்கும், இது பிந்திப் பிறந்ததாக இருக்கலாம். போன வார வெயிலில் கூரை கொதித்தபோது இடம் தேடி நகர்ந்து விழுந்ததாகவும் இருக்கலாம். வருடத்துக்கு ஒரே குட்டிதான் போடும் இந்த இனம். ஒன்று போனால் அந்தத் தாய்க்கு அந்த வருடம் அவ்வளவுதான்.

வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. இங்கே மிகச் சிலவற்றிடம் வெறிநோய்க் கிருமிக்கு உறவான கிருமி உண்டு, அதனால் தொட்டு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டவர்கள். டீச்சர் போட்டிருக்கிறார். கையுறை, அதோடு முகக்கவசமும் மாட்டிக்கொண்டார். முகக்கவசம் நம்மைக் காக்க இல்லை. நம்மிடமிருந்து கொரோனா வௌவாலுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று இரண்டு வருடமாக அந்தப் பழக்கம் இருக்கிறது. 2020க்குப் பிறகு வௌவால் என்றாலே பயப்படுகிற நம் ஊர் உறவினர்கள் பலருக்கு இதைச் சொல்ல வேண்டும்.

துணியோடு ஒரு காலணிப் பெட்டியில் வைத்தோம், மூடியில் துளை போட்டு. பால்புட்டி மூடியில் நாலு சொட்டுத் தண்ணீர். உதவி எண்ணுக்கு அழைத்ததும், பக்கத்து ஊரிலிருந்து வௌவால் பராமரிப்பாளர் ஒருவர் வந்தார். அவரும் தன்னார்வலர்தான், பகலில் மருந்துக்கடையில் வேலை. குட்டிக்குக் காயமில்லை என்று பார்த்துச் சொன்னார். இரவு தாயிடம் விட்டுப் பார்க்கலாம்.

இருட்டியதும் பெட்டியைச் சந்துக்குக் கீழே ஓர் ஏணி மேல் உயர்த்திப் பிடித்தார் அவர். நானும் டீச்சரும் பொறுப்பாளரும் நாற்காலியில். பொறுப்பாளரிடம் இன்னொரு கிளிக்கரைக் கொடுத்து, வெளியே வந்தால் ஒரு தட்டு, திரும்பி உள்ளே போனால் கழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார் டீச்சர். ஒன்பதரை தாண்டியதும் மழைபோல விழ ஆரம்பித்தன. குட்டி வாய் திறந்து திறந்து மூடுகிறது, எங்கள் காதில் ஒன்றுமில்லை. டிடெக்டரைத் திருப்பினால் சின்னதாகக் கத்திக்கொண்டே இருக்கிறது. ஒன்று வந்து பெட்டியைச் சுற்றிவிட்டுப் போயிற்று. இன்னொன்று வந்து போயிற்று. பத்தே கால் மணிக்கு ஒன்று பெட்டி விளிம்பில் உட்கார்ந்தது. மூன்று விநாடி இருக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து போய்விட்டன. பெட்டிக்குள் துணி மட்டும்.

யாரும் பேசவில்லை. பொறுப்பாளர்தான் கடைசியில் பேசினார்: "அடடா, நான் எண்ண விட்டுவிட்டேனே."

நான்காம் நாள், ஜூலை 25, திங்கள்

கோனிங்ஸ்பி வழியாக டாட்டர்ஷால் போனோம். போன செவ்வாய், ஜூலை 19 அன்று, இந்த நாட்டின் வரலாற்றிலேயே அதிகமான வெப்பம், 40.3 டிகிரி, பதிவானது இந்தக் கோனிங்ஸ்பியில்தான். திருநெல்வேலிக்காரிக்கு அது சித்திரை வெயில். இங்கே வீட்டில் மின்விசிறிகூட இல்லாதவர்களுக்கு அது வேறு. சாலையோரம் கருகிக் கிடந்தது. விமானப்படைத் தளத்தின் ஜெட் ஒன்று கிளம்பி, காது அடைத்துப்போனது.

டாட்டர்ஷால் கோட்டையைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. சிவப்புச் செங்கல்லில் எழுந்து நிற்கும் இந்தக் கோபுரத்தைக் கட்டியவர் ரால்ஃப் கிராம்வெல், ஆறாம் ஹென்றியின் நிதியமைச்சர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் கல் கணப்படுப்புகளைப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்ற இருந்தார்கள். 1911ல் கோட்டையை வாங்கிக் காப்பாற்றி, அந்தக் கணப்படுப்புகளையும் மீட்டுக்கொண்டுவந்தவர் கர்சன் பிரபு. ஆமாம், வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன். 1904ல் இந்தியாவில் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவர். இங்கே 1913ல் வந்த சட்டத்துக்கும் இந்தக் கோட்டை விவகாரம் ஒரு காரணம். மனிதர் மேல் எனக்கு எந்த மதிப்பும் இல்லை, ஆனால் இந்தச் சுவர் நிற்பது அவரால்தான்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே பரிசுத்த திரித்துவ ஆலயம். கிராம்வெல் 1439ல் நிறுவிய கல்லூரியின் ஆலயம், அவர் 1456ல் இறந்தபின் மற்றவர்கள் கட்டி முடித்தது. உள்ளே நுழைந்ததும் வெள்ளிக்கிழமை பார்த்த ஜன்னல் ஞாபகம் வந்தது. இங்கே பெரும்பாலும் வெற்றுக் கண்ணாடி. வண்ணத்தில் பெரும்பகுதி இங்கிருந்து போய்விட்டதால் வெளிச்சம் தடையில்லாமல் கொட்டுகிறது. அவ்வளவு பெரிய ஆலயத்தில் அந்த வெள்ளை வெளிச்சமே ஓர் அலங்காரம். ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் தரையில் 'டி. தம்ப், வயது 101, இறப்பு 1620' என்று ஒரு சின்னக் கல். கதையில் வரும் கட்டைவிரல் அளவு மனிதன் டாம் தம்ப்பின் கல்லறை என்பார்கள். குழந்தைகள் எல்லாம் அதைத் தேடித்தான் வருகிறார்கள்.

இந்த ஆலயத்தில் வௌவால்கள் சில நூறு இருக்கின்றன. சோப்ரானோ பிப்பிஸ்ட்ரெல் (அந்த 55 கிலோஹெர்ட்ஸ் இனம்), டாபன்டன் இரண்டும். பக்கத்தில் பெய்ன் ஆறு, அதைச் சுற்றிக் குளங்கள், மேலே வெயில் ஏறிய ஈயக் கூரை. குட்டி வளர்க்கத் தாய்களுக்கு வேறென்ன வேண்டும். வௌவால் ஆலயத்தைப் படுக்கையறையாக மட்டும் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அது அப்படிச் செய்வதில்லை. வெளியே போகுமுன் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பறந்து, வெளிச்சம் குறைந்துவிட்டதா என்று பார்க்கும். மழை என்றால் உள்ளேயே இருந்துவிடும். அதனால்தான் பெஞ்சு, புத்தகம், தரை எல்லா இடத்திலும் விழுகிறது. கிராம்வெல்லின் நினைவுப் பித்தளைத் தகடு 15ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. குனிந்து பார்த்தேன். கவசத்தின் மடிப்புகளைக் கோடு கோடாகச் செதுக்கியிருக்கிறான் எவனோ ஒருவன், பெயர் தெரியாதவன். அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி விழுந்து அரித்தால் அந்தக் கோடு போய்விடும். பொறுப்பாளரின் கோபம் எனக்கு இங்கேதான் முழுசாகப் புரிந்தது. வௌவால் வேண்டும் என்று பேசுகிற எவரும் இந்தத் தகட்டின் முன் ஒருமுறை மண்டியிட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சில கிராமங்களில் தோப்பு வௌவாலுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆனால் அது வருடத்துக்கு ஒருநாள். இங்கே கோடை முழுக்க, தினமும் யாரோ ஒருவர் வாரியலோடு வந்துதான் கதவைத் திறக்கிறார்.

இருட்டியதும் பெய்ன் கரைக்குப் போனோம். பாலத்திலிருந்து டார்ச்சைத் தண்ணீர் மேல் படுக்கையாகப் பிடித்தோம். டாபன்டன் வௌவால் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில், கோடு கிழித்த மாதிரி வரும். பெரிய பாதம் அதற்கு. தண்ணீர் மேல் உட்கார்ந்த பூச்சியைக் காலாலேயே வாரிக்கொள்ளும். டிடெக்டரில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். பூச்சியை நெருங்க நெருங்கத் தையல் வேகமாகி, கடைசியில் பட்டுத்துணி கிழிகிற மாதிரி 'சர்ர்ர்'. தண்ணீரில் ஒரு சின்ன வட்டம். அவ்வளவுதான். பதினொன்றரை வரை நின்றோம். எழுத இன்னும் இருக்கிறது, கண் சொருகுகிறது.

ஐந்தாம் நாள், ஜூலை 26, செவ்வாய்

திரும்பும் வழியில் ரட்லண்டில் பிரான்ஸ்டன் கிராமத்து ஆலயத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். வெளியே கண் பிதுங்கிய ஒரு பழைய கல் உருவம், உள்ளே இடைக்காலச் சுவரோவியம். இங்கே கூரையோடு ஒட்டி வௌவாலுக்கென்றே தனியாகப் பெட்டி அடித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வழி அதற்குள் போகும், அங்கிருந்து ஆலயத்துக்குள் வழி இல்லை. வௌவாலுக்கு அதே கூரை, அதே சூடு. கீழே பெஞ்சு சுத்தம். அனுமதி வாங்கி, எது எந்தச் சந்தில் வருகிறது என்று வருடக்கணக்கில் எண்ணிய பிறகே இப்படி ஒரு பெட்டி அடிக்க முடியும். எண்ணாமல் அடைத்தால் உள்ளே தாய்கள் சிக்கிச் சாகும், அல்லது குட்டி உள்ளே, தாய் வெளியே ஆகிவிடும். நம் பொறுப்பாளரின் ஆலயத்துக்கும் ஒருநாள் இப்படி ஒன்று வரவேண்டும். அவர் பென்சிலால் போட்ட வட்டங்கள் டீச்சரின் பையில் இருக்கின்றன.

'வௌவால் வீட்டுக்கு விருந்து வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்ற பழமொழியை வழியில் டீச்சருக்கு விளக்கினேன். அவர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, 'தொங்கு' என்ற சொல்லை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டார். ராத்திரி அம்மாவிடம் பேசியபோது, "நம்ம பழைய கோயில் மணிக்கூண்டுலயும் இருந்துச்சுல்லா, சாயங்காலம் மணி அடிச்சா பறக்கும்" என்றாள். எனக்கு அது நினைவில்லை. இத்தனை வருடத்தில் அவள் இதைச் சொன்னதும் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டிடெக்டரை எடுத்துப்போகிறேன்.

லெஸ்டருக்குப் பத்து மைல் இருக்கும்போது டீச்சரின் போனுக்கு ஒரு செய்தி வந்தது, வாசிக்கச் சொன்னார். பொறுப்பாளர். நாங்கள் கிளிக்கரை அவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தோம். நேற்றிரவு தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"217. ஒன்று வெளியே வந்ததா, உள்ளே போனதா என்று தெரியவில்லை, அதைச் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணவா?"

"எண்ணச் சொல்" என்றார் டீச்சர். "ஒன்பது மணிக்கே உட்காரச் சொல்."